வண்டிக்காரர் திருப்பி விட்டுப் போகாதபடி பிரித்து வைப்பது எப்படி

ஏழு வருடம் ஒரு மறுசுழற்சிக் குப்பையைத் தரம்பிரிக்கும் கூடத்தில் கன்வேயர் பெல்ட்டுக்குப் பக்கத்தில் நின்று வேலை பார்த்தேன். லாரி கொட்டுவதெல்லாம் பெல்ட்டில் ஏறி வரும். முதல் ஆள் பெரிய சாமான்களைத் தூக்கி ஓரம் போடுவார். இரண்டாவது ஆள் அட்டையை எடுப்பார். மூன்றாவதாக நான். இங்கே வரவே கூடாததைப் பிடித்து எடுப்பதுதான் என் வேலை. தோட்டத்து ஹோஸ் குழாய், ஒற்றைச் செருப்பு, பாதி பெயிண்ட் இருக்கும் டப்பா, அழகாகச் சுருட்டி டேப் ஒட்டிய டயாப்பர் என்று எதற்கும் குறைவிருக்காது. ஹோஸ் வந்தால் அன்றைக்குச் சிரிப்பு கிடையாது. சல்லடை உருளைகளில் அது கயிறு மாதிரிச் சுற்றிக்கொள்ளும். பெல்ட்டை நிறுத்திவிட்டு, ஒருவர் உள்ளே இறங்கிக் கத்தியால் அறுத்து எடுக்க முக்கால் மணி நேரம் ஆகும். அதுவரை லாரிகள் வாசலில் வரிசையாக நிற்கும்.

இப்போது அடுக்குமாடிகளுக்கும் சின்ன அலுவலகங்களுக்கும் குப்பை அறை அமைத்துக் கொடுக்கிறேன். போகிற இடமெல்லாம் ஒரு பொருளைக் கையில் தூக்கிக் காட்டி, “இது எந்தத் தொட்டி?” என்றுதான் கேட்கிறார்கள். “உங்கள் வண்டி இங்கிருந்து எங்கே போகிறது?” என்று நான் திருப்பிக் கேட்பேன். அது தெரியாமல் எந்தத் தொட்டி என்று சொல்ல முடியாது. ஒரு ஊரின் விதி, அந்த ஊர்க் குப்பை கடைசியில் போய்ச் சேரும் ஆலை எதை வாங்கும், அங்கே என்ன இயந்திரம் இருக்கிறது என்பதை வைத்து எழுதப்படுவது. அதனால்தான் பக்கத்து ஊரில் இருக்கும் உங்கள் தங்கை செய்வதும் நீங்கள் செய்வதும் வேறு வேறாக இருந்தும் இருவருமே சரியாக இருக்க முடியும்.

முதலில் விதித்தாள்

பாட்டில் மூடியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜப்பானில் பல ஊர்களில் பெட் (PET என்ற பிளாஸ்டிக்கில் செய்த) பாட்டிலின் மூடியையும் லேபிளையும் கழற்றித் தனியாகப் போட வேண்டும். தென் கொரியாவில் லேபிளை உரித்து, பாட்டிலை நசுக்கி, மூடியைத் திரும்ப மூடிப் போடச் சொல்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலை 3 முதல், மூன்று லிட்டர் வரையிலான பிளாஸ்டிக் பான பாட்டில்களில் மூடி பாட்டிலை விட்டுப் பிரியாதபடிதான் செய்து விற்க வேண்டும்.

யார் சொல்வது சரி? மூவரும்தான். பெட் பிளாஸ்டிக் தண்ணீரில் மூழ்கும். மூடி வேறு பிளாஸ்டிக், அது மிதக்கும். பாட்டிலைத் துண்டு துண்டாக நறுக்கித் தண்ணீர்த் தொட்டியில் கொட்டும் வசதி உள்ள ஆலைக்கு மூடி ஒரு தொல்லையே இல்லை. மேலே மிதப்பதை வழித்து எடுத்துவிடுவார்கள். கையால் தரம்பிரித்து, சுத்தமான ஒரே வகைச் சரக்காக விற்கும் இடத்துக்கு மூடி தனியாக வந்தால் நல்லது. கலவையாகச் சேகரித்துச் சல்லடையில் ஓட்டும் இடத்திலோ தனி மூடி ஓட்டை வழியே கீழே விழுந்து கண்ணாடித் தூளோடு சேர்ந்துவிடும். அங்கே மூடி பாட்டிலோடுதான் இருக்க வேண்டும்.

நசுக்குவதும் அப்படித்தான். இடம் மிச்சமாகும் என்று எல்லோரும் நசுக்குவார்கள். ஆனால் காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்து முன்பணத்தை வாங்கும் முறை உள்ள நாடுகளில், இயந்திரம் பார்கோடைப் படிக்க வேண்டும். நசுக்கினால் காசு போச்சு. எங்கள் கூடத்தில் சப்பையாக நசுங்கிய பாட்டில் காகிதம் போகும் பக்கம் போய்விடும். உருண்டு விழுவது பாட்டில், தட்டையாகப் போவது காகிதம், இயந்திரத்துக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

ஆகவே உள்ளாட்சியின் அல்லது உங்களிடம் எடுக்கும் நிறுவனத்தின் விதித்தாளைத் தேடி எடுங்கள். இணையதளத்தில் இருக்கும். இல்லையென்றால் போன் போட்டு வாங்குங்கள். அதில் நான்கு விஷயத்தைப் பார்த்தால் போதும்.

எல்லாம் ஒரே தொட்டியா, தனித்தனியா என்பது முதலாவது. ஜப்பானின் கமிகாட்சு என்ற சின்ன மலையூரில் குப்பை வண்டியே கிடையாது. மக்களே நிலையத்துக்குக் கொண்டுவந்து நாற்பதுக்கும் மேற்பட்ட வகையாகப் பிரித்துப் போடுகிறார்கள். சிங்கப்பூரிலோ காகிதம், பிளாஸ்டிக், கண்ணாடி, உலோகம் எல்லாம் ஒரே நீலத் தொட்டி. சுலபம்தான். ஆனால் அந்த நீலத் தொட்டிகளில் விழுவதில் சுமார் 40 சதவீதம் அசுத்தத்தால் பயன்படாமல் போகிறது என்று அந்நாட்டுச் சுற்றுச்சூழல் முகமையே சொல்கிறது. ஒரே தொட்டி என்றால் வேலை குறைவு என்று நினைக்காதீர்கள். பிரிக்கும் வேலை குறையும், சுத்தமாகவும் காய்ந்ததாகவும் போடும் பொறுப்பு கூடும்.

இரண்டாவது, தாளில் எழுதியிருக்கும் சொல்லை அப்படியே படிப்பது. “பிளாஸ்டிக் பாட்டில்கள்” என்று இருந்தால் பாட்டில்தான். வாளி, பொம்மை, நாற்காலிக் கால் எல்லாம் பிளாஸ்டிக்தானே என்று சேர்க்கக் கூடாது. பல ஊர்களில் பட்டியல் எதனால் செய்தது என்று சொல்வதில்லை, என்ன வடிவம் என்று சொல்கிறது. மூன்றாவது, பையில் கட்டிப் போடலாமா, அவிழ்த்துக் கொட்ட வேண்டுமா என்பது. நான்காவது நாளும் நேரமும்.

டப்பாவின் அடியில் இருக்கும் முக்கோணத்தைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அம்புக்குறி வளையம் 1970இல் ஒரு மாணவர் போட்டிக்காக வரைந்தது. அதற்குள் 1 முதல் 7 வரை எண் போடுவது 1988இல் அமெரிக்க பிளாஸ்டிக் தொழில் சங்கம் கொண்டுவந்த வழக்கம். அந்த எண் என்ன வகை பிளாஸ்டிக் என்று மட்டும்தான் சொல்கிறது. உங்கள் ஊரில் எடுப்பார்களா என்பதைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. இந்தக் குழப்பம் தாங்காமல் 2013இல் அந்தக் குறியீட்டில் அம்புகளை எடுத்துவிட்டு வெறும் முக்கோணமாக மாற்றினார்கள். பழைய அச்சுகள் இன்னும் ஓடுகின்றன, குழப்பமும் கூடவே ஓடுகிறது. ஐரோப்பியப் பொட்டலங்களில் இருக்கும் பச்சைப் புள்ளியும் அதே கதை. தயாரித்தவர் சேகரிப்புக்குக் கட்டணம் கட்டியிருக்கிறார் என்பதுதான் அதன் பொருள்.

வீட்டில்

விதித்தாள் கைக்கு வந்தாயிற்று. இனி ஒரே ஒரு வார்த்தை: ஈரம்.

பெல்ட்டில் நான் பார்த்த நஷ்டத்தில் பெரும்பங்கு ஈரத்தால்தான். ஒரு முறை ஒரு லாரி முழுக்க நல்ல அலுவலகக் காகிதம் வந்தது. நடுவில் யாரோ முக்கால் பாட்டில் சமையல் எண்ணெயை மூடி சரியாகப் போடாமல் எறிந்திருந்தார்கள். லாரிக்குள் அழுத்தும்போது அது உடைந்திருக்கிறது. குவியலை விரித்தால், எண்ணெய் ஒரு தாளிலிருந்து அடுத்த தாளுக்கு ஏறிப் போய்க்கொண்டே இருந்தது. தூக்கிப் பிடித்தால் வெளிச்சம் தெரிந்தது. காகித ஆலையில் தண்ணீரில்தான் கூழாக்குவார்கள். எண்ணெய் பட்ட நார் அங்கே பிசுக்காக ஒட்டிக்கொண்டு மற்றதையும் கெடுக்கும். அந்த லாரியில் பாதி நேராகப் புதைகுழிக்குப் போனது.

சுத்தம் செய்வதென்றால் பாத்திரம் துலக்குவது போலத் துலக்க வேண்டாம். பாத்திரம் கழுவி மிஞ்சிய தண்ணீரை டப்பாவில் கொஞ்சம் ஊற்றிக் குலுக்கிக் கொட்டினால் போதும். அப்புறம் தலைகீழாகக் கவிழ்த்து வையுங்கள். காய்ந்த பிறகுதான் தொட்டிக்குள் போக வேண்டும். பிசுபிசுப்பான ஜாடிக்கு ஒரு பாட்டில் சோப்பையும் மூன்று வாளித் தண்ணீரையும் செலவழிப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். அவ்வளவு ஒட்டிக்கொண்டிருந்தால் அதை விட்டுவிடலாம், பாவமில்லை.

அட்டைப்பெட்டியில் எண்ணெய்க் கறை ஒரு பக்கம் மட்டும் இருந்தால், கறைப் பக்கத்தைக் கிழித்து மக்கும் குப்பையில் (உங்கள் ஊர் அதை ஏற்றால்) போட்டுவிட்டு, சுத்தமான மூடிப் பக்கத்தைக் காகிதத்தோடு சேருங்கள். டேப்பை உரித்தால் நல்லது, கொஞ்சம் மிஞ்சினால் ஆலை பார்த்துக்கொள்ளும். உள்ளே இருக்கும் தெர்மாகோலை மட்டும் மறக்காமல் எடுத்துவிடுங்கள். அது பெல்ட்டில் உடைந்து பனி மாதிரிப் பறக்கும்.

சந்தேகம் வரும் பொருள்களுக்கு நான் எல்லோருக்கும் சொல்லிக் கொடுக்கும் மூன்று கைச் சோதனைகள் உண்டு. பளபளக்கும் தாளைக் கைக்குள் கசக்கி விடுங்கள். கசங்கியபடியே கிடந்தால் அலுமினியத் தாள், மெல்ல விரிந்து எழுந்தால் உலோகம் பூசிய பிளாஸ்டிக். நொறுக்குத்தீனிப் பாக்கெட் பெரும்பாலும் இரண்டாவது வகை, பெரும்பாலான ஊர்களில் எடுப்பதில்லை. காகிதக் கப்பை விளிம்பிலிருந்து மெதுவாகக் கிழியுங்கள். கிழிந்த ஓரத்தில் மெல்லிய தோல் மாதிரி இழுபட்டால் உள்ளே பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது. கடை ரசீதை நகத்தால் கீறுங்கள். கறுப்புக் கோடு விழுந்தால் வெப்பத்தாள், அதைக் காகிதத்தோடு சேர்க்காதீர்கள். அதில் பூசிய ரசாயனம் மறுசுழற்சிக் காகிதத்துக்குள் போய்விடும்.

பால், பழச்சாறு வரும் அட்டைப் பொதிகளில் ஏறத்தாழ முக்கால் பங்கு அட்டை, மிச்சம் பிளாஸ்டிக், பல பொதிகளில் கொஞ்சம் அலுமினியமும். அதைப் பிரித்தெடுக்கத் தனி ஆலை வேண்டும். பக்கத்தில் ஆலை உள்ள ஊர் எடுக்கும், இல்லாத ஊர் எடுக்காது. விதித்தாள்தான் பேச வேண்டும்.

கண்ணாடியில் ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. உடைந்த பீங்கான் கோப்பை, அடுப்பில் வைக்கும் வெப்பம் தாங்கும் கண்ணாடிப் பாத்திரம், ஜன்னல் கண்ணாடி மூன்றையும் பாட்டிலோடு போடுகிறார்கள். பாட்டில் கண்ணாடி உருகும் சூட்டில் பீங்கான் உருகாது. புதிய பாட்டிலின் சுவரில் சின்னக் கல்லாக நின்றுவிடும். பிறகு அந்த இடத்தில்தான் பாட்டில் வெடிக்கும்.

கறுப்புப் பிளாஸ்டிக் தட்டு சுத்தமாக இருந்தாலும் பல இடங்களில் மறுசுழற்சி ஆவதில்லை. தரம்பிரிக்கும் இயந்திரம் அகச்சிவப்பு ஒளியை அடித்துத் திரும்பி வருவதை வைத்துத்தான் பிளாஸ்டிக் வகையைக் கண்டுபிடிக்கிறது. கறுப்பில் உள்ள கரிச் சாயம் ஒளியை விழுங்கிவிடும். இயந்திரத்தின் கண்ணுக்குப் பெல்ட் காலியாகத் தெரியும். வாங்கும்போதே வெளிர் நிறத்தில் இருப்பதைத் தேர்ந்தெடுப்பது ஒன்றுதான் வழி.

ஒன்றுக்குள் ஒன்றைத் திணிக்காதீர்கள். டின்னுக்குள் பாட்டில், பாட்டிலுக்குள் சாக்லேட் தாள் என்று இடம் மிச்சம் பிடிப்பவர்கள் எங்களைப் பாடாய்ப் படுத்துவார்கள். கையளவுக்கும் சின்னதை எல்லாம் சல்லடை தின்றுவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். அலுமினியத் தாள் துண்டுகளைச் சேர்த்து வைத்து, கைமுட்டி அளவு உருண்டையானதும் போடலாம். ஏற்கும் ஊர்களில் இது நல்ல வழி. அலுமினியத்தை உருக்கித் திரும்பப் பயன்படுத்த, தாதுவிலிருந்து எடுப்பதற்கு ஆகும் ஆற்றலில் 5 சதவீதம்தான் ஆகும். தொட்டியில் இருப்பதில் ஆலைக்காரர் மிகவும் விரும்புவது அதைத்தான்.

பேட்டரி, ஊசி, கேஸ் டப்பா

இதை மட்டும் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

ஒரு மதியம் காகிதக் குவியலுக்குள் இருந்து “ஸ்ஸ்” என்று ஒரு சத்தம் கேட்டது. பாம்பு என்றுதான் முதலில் நினைத்தோம். வெள்ளைப் புகை ஒரு நூல் மாதிரி எழுந்தது. பக்கத்தில் இருந்தவர் மண்வெட்டியால் குவியலை விலக்கினார். விரல் நீளத்துக்கு ஒரு தட்டை பேட்டரி, ஏதோ பொம்மையிலிருந்து வந்தது, வயிறு உப்பிக் கிடந்தது. விலக்கின அதே நொடி அது பந்தம் மாதிரி எரிந்தது. மண்வெட்டியோடு அப்படியே தூக்கி வெளி முற்றத்தில் எறிந்தார். இரண்டு நிமிடம் பிந்தியிருந்தால் கூடம் போயிருக்கும். லித்தியம் பேட்டரி லாரிக்குள் நசுங்கினாலோ பெல்ட்டில் குத்துப்பட்டாலோ இப்படித்தான். காகிதத்தோடு சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

பேட்டரியின் இரு முனைகளிலும் டேப் ஒட்டி, மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் சேர்த்து வையுங்கள். சேகரிப்பு மையத்திலோ, பேட்டரியைத் திரும்ப வாங்கும் கடையிலோ கொடுங்கள். பேட்டரியைக் கழற்ற முடியாத பொம்மை, பல்துலக்கி, காதொலிக் கருவி எல்லாமே பேட்டரி என்றே எண்ணிக்கொள்ளுங்கள். அடுப்பு கேஸ் சின்ன உருளைகளும் அப்படித்தான், அழுத்தும் இயந்திரத்துக்குள் வெடிக்கும். ஸ்ப்ரே டப்பா முழுக்கக் காலியானால் உலோகத்தோடு எடுக்கும் ஊர்கள் உண்டு, ஆனால் ஓட்டை போடாதீர்கள். குழல் விளக்கில் பாதரசம் இருக்கிறது, உடையாமல் அட்டையில் சுற்றித் தனியாகக் கொடுங்கள்.

ஊசி. என்னோடு வேலை பார்த்த ஒருவருக்குக் கையுறையைத் தாண்டி இன்சுலின் ஊசி குத்தியது. நோய் ஒன்றும் தொற்றவில்லை. ஆனால் அது தெரியும்வரை மாதக்கணக்கில் ரத்தப் பரிசோதனைக்கு அலைந்தார், வீட்டில் பிள்ளையைத் தூக்கவே பயந்தார். ஊசிகளைக் குத்தினால் துளைபடாத கெட்டி டப்பாவில் போட்டு மூடி, உங்கள் ஊரில் மருந்தகமோ மருத்துவமனையோ திரும்ப வாங்குகிறதா என்று கேட்டுக் கொடுங்கள். மறுசுழற்சித் தொட்டிக்குள் அது ஒருபோதும் போகக் கூடாது.

கடை, அலுவலகம், சின்னத் தொழில்

வீட்டுக் குப்பைக்கும் தொழில் குப்பைக்கும் சட்டம் பெரும்பாலும் வேறு. வீட்டு வண்டியில் கடைக் குப்பையை ஏற்றக் கூடாது என்பது பல ஊர்களில் விதி. வேல்ஸில் 2024 ஏப்ரல் 6 முதல் ஏறக்குறைய எல்லாப் பணியிடங்களும் காகிதம், கண்ணாடி என்று பிரித்துக் கொடுத்தாக வேண்டும். இங்கிலாந்தில் 2025 மார்ச் 31 முதல் பத்து அல்லது அதற்கு மேற்பட்ட முழுநேரப் பணியாளருக்கு ஈடான ஆட்கள் உள்ள இடங்களுக்கு இது கட்டாயம், அதற்கும் சிறியவற்றுக்கு 2027 மார்ச் 31 வரை அவகாசம். இந்தியாவின் 2016ஆம் ஆண்டு விதிகள், நாளுக்குச் சராசரியாக 100 கிலோவுக்கு மேல் குப்பை உண்டாக்குபவரைப் பெருமளவு உற்பத்தியாளர் என்று தனி வகையாக வைத்தன. உங்கள் இடத்துக்கு எல்லை எங்கே என்று தெரிந்துகொள்ள எடை தெரிய வேண்டும். அதனால் எந்த அலுவலகத்துக்குப் போனாலும் நான் முதலில் கேட்பது ஒரு தராசு. ஒரு வாரம், தினமும் சாயங்காலம், ஒவ்வொரு பையையும் நிறுத்து எழுதுங்கள். எழுதும்போதே திறந்தும் பாருங்கள்.

ஒரு அலுவலகத்தில் ஆளுக்கொரு தொட்டி மேசைக்கடியில் இருந்தது. அதை எல்லாம் எடுத்துவிட்டு, ஒவ்வொரு தளத்திலும் இரண்டு இடத்தில், மறுசுழற்சித் தொட்டியையும் பொதுக் குப்பைத் தொட்டியையும் ஜோடியாக வைத்தோம். தனியாக நிற்கும் தொட்டியில் எல்லாக் குப்பையும் விழும், அதற்கு விதிவிலக்கை நான் பார்த்ததில்லை. மேலே ஒட்டும் படத்துக்கு இணையத்திலிருந்து எதையும் எடுக்கவில்லை. அவர்கள் தினமும் குடிக்கும் கப், அவர்களுக்கு வரும் பார்சல் உறை, அவர்கள் இயந்திரத்து டோனர் பெட்டி ஆகியவற்றையே போட்டோ பிடித்து ஒட்டினோம்.

ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் இரண்டு தொட்டியும் ஒரே பையில் போய்க்கொண்டிருந்தது. ஊழியர்கள் கோபப்பட்டார்கள், எதற்குப் பிரிக்கச் சொன்னீர்கள் என்று. துப்புரவு செய்யும் அக்காவிடம் உட்கார்ந்து பேசினேன். அவரிடம் யாரும் எதுவும் சொல்லவே இல்லை. அவருக்குக் கொடுத்த தள்ளுவண்டியில் ஒரு பை மாட்டத்தான் கொக்கி இருந்தது. இன்னொரு கொக்கியும் வேறு நிறப் பையும் கொடுத்தோம், அத்தோடு பிரச்சினை தீர்ந்தது. திட்டம் போடும் கூட்டத்துக்கு முதலில் கூப்பிட வேண்டியது அவரைத்தான்.

அட்டைப்பெட்டி அதிகம் வரும் கடையென்றால், வந்த உடனே பிரித்துத் தட்டையாக்கும் பழக்கம் வேண்டும். சாயங்காலம் மொத்தமாகச் செய்யலாம் என்றால் நடக்காது. கூரைக்குக் கீழே, தரையிலிருந்து ஒரு பலகை உயரத்தில் அடுக்குங்கள். மழையில் நனைந்த அட்டையை எடை போடும்போது தண்ணீரைக் கழித்துத்தான் வாங்குவார்கள், அல்லது வாங்கவே மாட்டார்கள். ரகசிய ஆவணங்களைத் துண்டாக்கும் இயந்திரத்தில் போட்டால் வரும் சுருள்கள் சல்லடையில் நிற்காது. காகிதப் பையில் கட்டிக் கொடுக்கலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சரக்கு அடுக்கி வரும் பலகைகளைச் சுற்றி வரும் நீட்டிப்புப் படலம், அதாவது ஸ்டிரெச் ஃபிலிம், கலவைத் தொட்டிக்குள் போனால் ஹோஸ் செய்யும் வேலையையே செய்யும். தனிப் பையில் சேர்த்தால் வாங்க ஆள் உண்டு.

எடுக்கும் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போடும்போது, எதை எடுப்பீர்கள், எடுத்ததை எங்கே கொடுப்பீர்கள், எடைச் சீட்டு உண்டா, அசுத்தம் இருந்தால் என்ன கட்டணம், எத்தனை சதவீதத்துக்கு மேல் போனால் அது அசுத்தம் என்று எழுத்தில் வாங்குங்கள். கடைசிக் கேள்வியைக் கேட்டால் சிலர் சிரிப்பார்கள். சிரிக்க ஒன்றுமில்லை. 2018இல் சீனா, இறக்குமதியாகும் பெரும்பாலான கழிவுக் காகிதத்திலும் பிளாஸ்டிக்கிலும் வேறு பொருள் 0.5 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று வைத்தபோது, அதுவரை கண்ணை மூடிக்கொண்டு ஏற்றுமதி செய்த நாடுகளின் கிடங்குகளில் பேல்கள், அதாவது அழுத்திக் கட்டிய கழிவு மூட்டைகள், மலையாகத் தேங்கின. அதே வருடம் உலகம் முழுக்க எத்தனையோ ஊர்களின் விதித்தாள்கள் மாறின.

திருப்பி விட்டுப் போனால்

தொட்டியில் ஒரு சீட்டு ஒட்டி, எடுக்காமல் போயிருக்கிறார்கள் என்றால் திட்டுவதற்கு முன் மேலடுக்கைப் பாருங்கள். பெரும்பாலும் மேலே தெரிந்த ஒரே ஒரு பொருள்தான் காரணம், அனேகமாக அது உங்களுடையதும் இல்லை. அதை எடுத்துவிட்டு, சீட்டில் உள்ள எண்ணுக்கு அன்றே பேசினால் அடுத்த முறைக்குக் காத்திருக்க வேண்டியிருக்காது. பொதுத் தொட்டி என்றால் மூடியைப் பூட்டி, பாட்டில் மட்டும் நுழையும் அளவுக்கு வட்ட ஓட்டை, காகிதத்துக்கு நீளப் பிளவு வைத்த மூடியாக மாற்றுங்கள். எச்சரிக்கைப் பலகையை விட ஓட்டையின் வடிவத்துக்குத்தான் மனிதர்கள் கட்டுப்படுகிறார்கள்.

விதித்தாளைத் தொட்டியின் மூடிக்கு உள்பக்கம் ஒட்டி, மூலையில் ஒட்டிய தேதியைப் பேனாவால் எழுதி வையுங்கள். வருடம் ஒரு முறை புதுத் தாளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். போன மாதம் ஒரு கட்டடத்தில் நான் உரித்து எடுத்த தாளில் பதினோரு வருடத்துக்கு முந்தைய தேதி இருந்தது. அதில் இருந்த போன் எண்ணில் இப்போது ஒரு தையல் கடைக்காரர் எடுக்கிறார். மிகவும் பொறுமையானவர், “வண்டி வியாழக்கிழமைதான் வருமாம் சார்” என்று பதிலும் சொல்கிறார்.